புள்ளி, சிட்டை, பேரேடு: நகரத்தார் வழக்கங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் செட்டிநாட்டு நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், வழக்கங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். முறை தெரிந்துகொள்ளக் கேட்டவர்களும் உண்டு, மனம் நொந்து கேட்டவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் அலுவலக நண்பர் காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார். ‘எங்க ஊர்ல 300 புள்ளி’ என்கிறார். 300 வீடா, 300 பேரா என்று கேட்டால் சிரிக்கிறார். புள்ளி என்றால் என்ன?
– வாசகர், கோயம்புத்தூர்

வீடும் இல்லை, ஆளும் இல்லை. மணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் காலமாகிவிட்டால் மற்றவர் அரைப்புள்ளி. 40 வயதானாலும் மணமாகாதவருக்குத் தனிப்புள்ளி கிடையாது. பெற்றோர் புள்ளிக்குள்தான் அவர் இருப்பார். ஒரே வீட்டில் அப்பா, அம்மா, மணமான மூன்று மகன்கள் என்றால் அந்த வீட்டுக்கு 4 புள்ளி.

புள்ளி பதிவாகும் இடம் கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று நகரத்தாருக்கு 9 கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு அப்பாவின் கோயில். பெண்ணுக்கு மணமானதும் கணவனின் கோயில். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால் பொதுவாகப் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இளையாத்தங்குடி, மாத்தூர் போன்ற பெரிய கோயில்களுக்கு உட்பிரிவுகள் இருக்கின்றன. அங்கே சம்பந்தம் பேசும்போது உட்பிரிவையும் கேட்பார்கள்.

திருமணம் நிச்சயமானால் மணமகன், மணமகள் இருவரின் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். மணநாளில் இசைகுடிமானம் எழுதுவார்கள். இசைபிடிமானம் என்றும் சொல்வதுண்டு. எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகனுக்கு யார் மகள், என்ன தேதி என்று எழுதி இரு வீட்டாரும் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. அந்தக் காலத்தில் ஓலையில் எழுதினார்கள், இப்போது தாளில் எழுதுகிறார்கள். அரசாங்கத்தின் திருமணப் பதிவேடு வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே தம் திருமணங்களைத் தாமே எழுதிவைத்த சமூகம் இது.

இனி உங்கள் கேள்வியின் உட்பக்கம். ஊர்க் கோயிலுக்கு வரி வசூலிக்கும்போது புள்ளி வரி எல்லாருக்கும் ஒரே தொகை. பத்துக் கடை வைத்திருப்பவரும் சரி, அவரிடம் சம்பளத்துக்கு இருப்பவரும் சரி, ஒரே அளவுதான். வசதிக்கு ஏற்ற பங்கை ஆஸ்தி வரியாகத் தனியே வாங்கினார்கள். வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு பகுதியைக் கோயிலுக்கும் தருமத்துக்கும் ஒதுக்கினார்கள். உரிமைக்கு ஒரு கணக்கு, வசதிக்கு ஒரு கணக்கு, இரண்டையும் கலக்கவிடவில்லை. பணம் குறைந்தவரும் புள்ளி வரியைக் கட்டிவிட்டால் நகரவிடுதியில், அதாவது சமூகப் பொதுவிடுதியில், நடக்கும் கூட்டத்தில் நிமிர்ந்து பேசலாம். இப்படி வளர்ந்த ஒருவருக்கு, ‘நான் எந்தப் பதிவேட்டில் இருக்கிறேன், என் பங்கு எவ்வளவு’ என்ற கேள்வி எங்கே போனாலும் முதலில் வரும். உங்கள் நண்பர் ஊரைப் புள்ளியால் அளப்பது அதனால்தான்.

கேள்வி: ஒரே வீட்டில் இருந்துகொண்டே மகனையும் மருமகளையும் தனியாகச் சமைக்க வைப்பார்களாமே! கூட்டுக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு இது என்ன கணக்கு? கல்நெஞ்சம் இல்லையா?
– வாசகி, திருச்சி

இந்த வழக்கத்துக்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். கேட்பவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் நகரத்தார் வழக்கங்களில் நாங்கள் மிகவும் மதிப்பது இதைத்தான்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைப் பார்த்தால் பாதி புரியும். முகப்பைத் தாண்டினால் வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். அந்தத் தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் உள்ளறையும் வெளியறையும் உண்டு. சாமான், நகை, சீர்ப்பாத்திரம் எல்லாம் அங்கே இருக்கும், சாவி அந்தத் தம்பதியிடம். படுப்பதும் உட்காருவதும் பொதுவில். திருமணம் முடிந்து கொஞ்ச காலம் பெரியவர்களோடு சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு நல்ல நாள் பார்த்து அடுப்பைப் பிரித்துவிடுவார்கள். ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, மிளகாய், புளி, எண்ணெய், விறகு, கைச்செலவுக்கு இவ்வளவு என்று சிட்டையில் (கணக்குக் குறிப்பில்) எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். மிச்சம் பிடித்தால் அவர்களுடையது. பற்றாக்குறை வந்தால் கேட்கலாம், ஆனால் அடுத்த வருடக் கணக்கில் அது ஏறும்.

இதனால் என்ன நடந்தது? புதிதாக வந்த 18 வயதுப் பெண்ணுக்கு மாமியாரிடம் உப்புக்கும் எண்ணெய்க்கும் கையேந்தும் நிலை இல்லை. எந்த மருமகள் அதிகம் சாப்பிட்டாள், எந்தப் பிள்ளைக்குப் பால் கூடப் போனது என்ற பேச்சுக்கு இடமில்லை. கணவன் மூன்று வருடக் கணக்குக்கு, அதாவது அங்குள்ள கடையில் மூன்று வருடத் தவணை வேலைக்கு, பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பல் ஏறிவிடுவான். இங்கே அவள் தன் வரவு செலவைத் தானே பார்ப்பாள். பெண் கொண்டுவந்த ரொக்கத்தைக் கடையில் அவள் பேரில் வரவு வைத்து வட்டி கட்டும் பழக்கமும் இருந்தது. ஆச்சிமார் (நகரத்தார் பெண்கள்) பலர் கணக்கில் கெட்டிக்காரர்களாக ஆனதற்கு வேறு பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

இன்று யாராவது இதைச் செய்ய நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அளவு குத்துமதிப்பாக இருக்கக் கூடாது. இரண்டு பேருக்கு நாளுக்கு 800 கிராம் அரிசி என்றால் ஆண்டுக்கு 292 கிலோ. விருந்தினருக்கும் பலகாரத்துக்கும் சேர்த்தால் 325 கிலோ. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் போட்டுப் பார்த்து, அதைப் பணமாக்கி, மாதத் தொகையாகப் பிரியுங்கள். மின்கட்டணம், எரிவாயு, வேலையாள் சம்பளம் ஆகியவற்றில் எது பொது, எது தனி என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். பெரும்பாலும் சண்டை வருவது அரிசியில் இல்லை, யாரும் எழுதாமல் விட்ட மின்கட்டணத்தில்தான். இன்னொன்று: பிரித்து வைத்த பிறகு பெரியவர்கள் அந்த அடுப்படிக்குள் போய் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. அங்கேதான் இந்த ஏற்பாடு உடைகிறது.

கேள்வி: செட்டியார் பெயர்களுக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்துகள் நிற்கின்றனவே, ஏன்?
– மாணவர், சேலம்

அது விலாசம். அப்பா, தாத்தா, சில சமயம் அவருக்கும் முந்தியவர் பெயர்களின் முதலெழுத்துகள். கடையின் பெயரும் அதுதான். ரங்கூனில் உள்ள ஒரு கடை எழுதிக் கொடுத்த உண்டியலை (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை) சென்னையில் இன்னொருவர் நம்பிப் பணம் கொடுத்தார் என்றால் அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான். பேரன் வாக்குத் தவறினால் தாத்தாவின் எழுத்தும் சேர்ந்து கெடும். அந்தப் பயம் பத்திரத்தைவிட வலுவாக வேலை செய்தது.

கேள்வி: எங்கள் பக்கம் மொய் விருந்து வைத்தால் லட்சக்கணக்கில் விழும். பக்கத்து ஊர்ச் செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். கோடீஸ்வர வீடு. மொய் என்று பெயருக்கு ஏதோ சில்லறை வாங்கி, அதையும் பயபக்தியாக நோட்டில் எழுதினார்கள். ஏன் இப்படி?
– வாசகர், ஆலங்குடி

நல்ல கேள்வி. பத்து மைல் இடைவெளியில் மொய் நோட்டு இரண்டு விதமாக வேலை செய்கிறது.

உங்கள் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து ஒரு சுழல்நிதி. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஒருவருக்கு முறை வரும். நீங்கள் இன்று வாங்கும் 5,000 ரூபாய், கொடுத்தவர் விருந்து வைக்கும்போது திரும்பப் போக வேண்டும். அதன்மேல் புதுமொய்யும் வைக்க வேண்டும். வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் கிணறு வெட்டவும் மகளைக் கட்டிக் கொடுக்கவும் கடலை, நெல் போடும் குடும்பங்களுக்கு வட்டியில்லாத முதல் (மூலதனம்) அதிலிருந்துதான் வந்தது. ஊருக்குள் நம்பிக்கை இருந்தால்தான் இது ஓடும். ஓடுகிறது என்பதே பெருமை.

நகரத்தார் கல்யாணத்தில் அந்த நோட்டு வருகைப் பதிவேடு. இன்ன ஊர், இன்ன விலாசம், வந்து போனார் என்பதுதான் அங்கே முக்கியம். தொகை அதற்கு ஓர் அடையாளம். வட்டிக்குக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கல்யாணப் பந்தலில் மட்டும் கடன் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். காரணம், அவர்களுக்கு முதல் திரட்ட வேறு இடம் இருந்தது. உறவினர் பணம் வேண்டுமென்றால் கடையில் டெபாசிட்டாக வாங்கி, நடப்பு வட்டி போட்டு, பேரேட்டில் (ஆள்வாரிக் கணக்குப் புத்தகத்தில்) எழுதினார்கள். நடப்பு வட்டி என்ன என்பதை ரங்கூன் போன்ற இடங்களில் மாதாமாதம் கோயிலில் கூடித் தீர்மானித்தார்கள். கடனுக்கு ஒரு நோட்டு இருந்ததால் உறவுக்கு வேறு நோட்டு வைக்க முடிந்தது என்பது எங்கள் கணிப்பு.

உங்கள் பக்கத்து மொய் நோட்டுக்கு ஒரு யோசனை. பெயரும் ஊரும் மட்டும் எழுதினால் ஐந்து வருடம் கழித்து ஒரே பெயரில் மூன்று பேர் நிற்பார்கள். தகப்பனார் பெயர், தெரு, கைப்பேசி எண், பழைய மொய் எவ்வளவு, புதுமொய் எவ்வளவு என்று ஐந்து கட்டம் போடுங்கள். வீட்டுத் தலைவர் இறந்துவிட்டால் அந்தக் கணக்கு யார் பேருக்கு மாறுகிறது என்பதை அந்த வருடமே எழுதிவிடுங்கள். மொய் முறிவதும் வழக்கு வருவதும் பெரும்பாலும் அப்பா இறந்து, அண்ணன் தம்பி பிரிந்த பிறகுதான்.

கேள்வி: நாங்கள் இங்கே மூன்றாம் தலைமுறை. பாட்டி இருந்தவரை பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக் கொடுப்பார்கள். அவர் போன பிறகு விட்டுப்போயிற்று. பிள்ளைகளோடு மறுபடி தொடங்க வேண்டும். முறையாகச் சொல்லுங்கள். என் மருமகள் இப்போது ஆறு மாதம்.
– வாசகி, ஈப்போ, மலேசியா

மனம் நிறைந்த வாழ்த்துகள் அம்மா. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ண வேண்டும். மார்கழி வளர்பிறையில் சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் நோன்பு. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தி என்பதால் தமிழ்நாட்டு நாள்காட்டியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஊர்த் தண்டாயுதபாணி கோயிலில் அறிவிக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

புது வேட்டி ஒன்று வாங்கித் துவைக்காமல் வையுங்கள். அதிலிருந்து நாளுக்கு ஒரு நூல் உருவி, 21 நூலைச் சேர்த்துத் திரித்தால் ஒரு இழை. வீட்டில் ஆளுக்கு ஒரு இழை. வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்று உண்டு, ஆகவே மருமகளுக்கு இரண்டு. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் கர்ப்பிணி என்றால் 6 இழை, நாளுக்கு 6 நூல், மொத்தம் 126 நூல். பாலியஸ்டர் கலந்த வேட்டி வேண்டாம். எரியும்போது உருகிச் சொட்டும். தூய பருத்திதானா என்று ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். சாம்பலானால் பருத்தி, கருப்பு உருண்டையானால் கலப்பு.

இழையைப் பதிக்கும் இழைமாவுக்குப் பச்சரிசியை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, துணியில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். 200 கிராம் மாவுக்கு 120 கிராம் பொடித்த வெல்லம், இரண்டு தேக்கரண்டி நெய், ஒரு சிட்டிகை ஏலக்காய் போதும். வெல்லம் கூடினால் அரை மணியில் மாவு இளகிச் சரியும், திரி சாய்ந்துவிடும். மலேசிய வெக்கையில் இது கட்டாயம் நடக்கும். பிசைந்த மாவைக் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டி, பிள்ளையார் பிடித்து, இழையைச் சுருட்டி உள்ளே பதித்து, நுனி மட்டும் அரை அங்குலம் வெளியே நிற்கட்டும். அந்த நுனியில் மட்டும் நெய் தொடுங்கள்.

நெல், அவல், சோளம், கம்பு, எள் என ஐந்து வகைப் பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் ஆவாரம்பூவும் படைப்பது வழக்கம். ஈப்போவில் ஆவாரம்பூ கிடைக்காவிட்டால் கிடைக்கும் மஞ்சள் பூ வையுங்கள். அதற்காக நோன்பை நிறுத்த வேண்டாம்.

விளக்கேற்றி, பிள்ளையாரைக் கும்பிட்டபின் வீட்டில் மூத்தவர் ஒவ்வோர் இழையாக ஏற்றிக் கையில் கொடுப்பார். வாங்குபவர் சுடரோடு வாயில் இட்டு உதட்டை மூடிவிட வேண்டும். காற்று இல்லாமல் உடனே அணையும். தப்பு நடப்பது பயத்தில் பாதி வாயில் நிறுத்தும்போதுதான். முந்தின நாளே நெருப்பில்லாமல் பிள்ளைகளுக்கு ஒத்திகை பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்காமல் மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். தலைமுடியைக் கட்டி, துப்பட்டாவைக் கழற்றிவிட வேண்டும். சின்னக் குழந்தைக்குச் சுடரை அணைத்துவிட்டு மாவை மட்டும் ஊட்டுங்கள். மருமகளுக்குத் தயக்கமாக இருந்தாலும் அப்படியே செய்யலாம்.

நகரத்தார் சங்கங்கள் நோன்பு முடிந்ததும் உப்பில் தொடங்கி மங்கலப் பொருள்களை ஏலம் விடுவார்கள். பொதுச் செலவுக்குப் பணமும் சேரும், சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டத்தில் குரல் கொடுத்துக் கேட்கும் பழக்கமும் வரும். உங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் ஒரு இழை வைக்கும் வழக்கத்தில் வளர்கிற பிள்ளை தன்னைத் தனியாள் என்று நினைக்காது.

கேள்வி: என் மகள் வேறு சமூகத்துப் பையனை மணந்தாள். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். ஆனால் கோயில் மாலை இல்லை, புள்ளி இல்லை என்கிறார்கள். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குக் கூப்பிடவும் பங்காளிகள் தயங்குகிறார்கள். பண்பாடு, மரபு என்று எழுதும் நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?
– வாசகி, மதுரை

உங்கள் வருத்தம் நியாயமானது அம்மா. பூசி மெழுக மாட்டோம். முதல் பதிலில் நாங்கள் மெச்சிய அதே பதிவேடுதான் உங்கள் மகளை வெளியே நிறுத்துகிறது. எல்லாரையும் சமமாக எண்ணும் கணக்கு, யாரை எண்ணுவது என்பதில் மிகக் கறாராக இருக்கிறது. உள்ளே மணந்த பெண்ணுக்கும் தனிப்பதிவு கிடையாது, கணவனோடு சேர்ந்துதான் புள்ளி. மணமாகாத பெண்ணுக்கும், மணமுறிவு பெற்றவருக்கும் சங்கடங்கள் உண்டு. கடலுக்கு அப்பால் யார் என்றே தெரியாத ஆளிடம் பணத்தை நம்பி ஒப்படைக்க வேண்டியிருந்த காலத்தில் இந்த வேலி வியாபாரத்துக்குக் காவலாக இருந்தது. அந்த வியாபாரம் முடிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது, வேலி மட்டும் நிற்கிறது. அதைத் தளர்த்த வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இப்போதைக்கு நீங்கள் தெளிவாக இருக்க வேண்டியது இரண்டு விஷயங்களில். ஒன்று, சொத்து. புள்ளிக்கும் சொத்துரிமைக்கும் சட்டத்தில் ஒரு தொடர்பும் இல்லை. சாதி மாறி மணந்ததால் மகளின் பங்கு ஒரு பைசா குறையாது. யாராவது ‘புள்ளி போனால் பங்கும் போச்சு’ என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். இரண்டு, வீட்டுச் சடங்கு. மாலை தருவது கோயில் காரியக்காரர்கள் கையில் இருக்கிறது. உங்கள் வளவில் யாருக்கு இழை எடுத்துக் கொடுப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. மருமகனுக்கும் ஒரு இழை எடுங்கள்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுக்கு இப்போது பதினெட்டுப் பங்கு என்கிறார்கள். மழைக்கு ஓடு ஒழுகுகிறது. யாரைக் கேட்டாலும் ‘என் பங்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, தர்றேன்’ என்கிறார்கள். எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், பெங்களூரு

முதலில் வம்சாவளி வரைபடம். வீட்டைக் கட்டியவர் மேலே, ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வரி. பங்கு கிளைவாரியாகப் பிரியும், தலைக்கணக்கில் இல்லை. கட்டியவருக்கு 2 மகன் என்றால் உங்கள் தாத்தாவின் கிளைக்கு 1/2. தாத்தாவுக்கு 3 மகன் என்றால் உங்கள் அப்பாவின் கிளைக்கு 1/6. அந்த ஆறில் ஒன்றை நீங்களும் உங்கள் தங்கையும் பகிர்ந்தால் ஆளுக்கு 1/12. அம்மா இருந்தால் அவருக்கும் பங்கு வரும், பின்னம் மாறும். பதினெட்டுப் பேர் என்பதால் பதினெட்டில் ஒன்று என்று போடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை.

அடுத்த பிழை பெண்களை விட்டுவிடுவது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அன்றைக்கு மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே உரிமை வந்தது. 9.9.2005 முதல் மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தையும் நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 20.12.2004க்கு முன்பே பத்திரம் பதிவு செய்தோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடித்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. ஆகவே பழைய பாகப்பத்திரம் உண்டா என்று பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பிள்ளை கூட்டியவர்கள், அதாவது தத்தெடுத்தவர்கள், இருந்தால் சுவீகாரப் பத்திரத்தையும் தேடுங்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 வயதுக்கு மேற்பட்டவரையோ மணமானவரையோ தத்தெடுக்கக் கூடாது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உள்ள சமூகத்துக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. நகரத்தார் வீடுகளில் மணமான வாலிபரைக் கூட்டிக்கொண்ட பழைய பத்திரங்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

செலவுக்கு ஒரு பொதுக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, கிளைவாரி வசூல். உதாரணமாக ஓடு பிரித்து வேய 6,00,000 ரூபாய் என்றால் 1/6 பங்குக் கிளைக்கு 1,00,000. தராதவர் பங்கை வேறொருவர் போட்டால், அதைத் தராதவர் அவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடனாக எழுதுங்கள், வட்டி உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் வளவுப்பக்கத்து உத்தரம் நனைந்துவிட்டால் செலவு இரண்டு மடங்காகும்.

கேள்வி: இவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள் பர்மாவில் எப்படி அத்தனையையும் விட்டுவிட்டு வந்தார்கள்? கணக்குத் தப்பியது எங்கே?
– வாசகர், சென்னை

1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி முகத்துவாரக் காட்டை வெட்டி நெல் போட விவசாயிக்கு முதல் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் அவனுக்கு நேரடியாகக் கொடுக்கத் தயாராக இல்லை. கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1929–30இல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கிருந்த செட்டியார் முதலை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

உடனே நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். பேரேட்டில் இது நட்டமாகத் தெரியாது. வாராக் கடன் போய் ஆஸ்தி வந்ததாகத்தான் ஐந்தொகை (ஆஸ்தி, கடன் நிலையைக் காட்டும் கணக்கு) காட்டும். உண்மையில் எங்கும் தூக்கிப்போக முடியாத ஒரு பொருளாகப் பணம் மாறிக்கொண்டிருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு எதிரே தெரிந்த முகம் லண்டன் சந்தையின் முகமில்லை, கிட்டங்கியில், அதாவது கடையும் தங்குமிடமுமான கட்டடத்தில், பெட்டியடியில் உட்கார்ந்திருந்தவரின் முகம். 1930 டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் விவசாயிகள் கலகமே வெடித்தது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948இல் நில தேசியமய சட்டம் வந்தது, 1960களில் மிச்சமிருந்ததும் போயிற்று.

நெல் விலை விழுந்தது செட்டியார் குற்றமில்லை, நியாயமாக அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் வாழ்ந்த விதம் அவர்கள் கண்ணை மறைத்தது. மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். மனைவி மக்கள் செட்டிநாட்டில். தங்குவது கிட்டங்கியில், கும்பிடுவது தம் முருகன் கோயிலில், பேசுவது தம் ஆட்களோடு. உள்ளே ஒருவருக்கொருவர் இருந்த நம்பிக்கை அபாரம். வெளியே அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. கடன்காரன் பெயருக்கு நேரே அசலும் வட்டியும் இருந்தன. அவன் மனதில் என்ன ஏறிக்கொண்டிருந்தது என்பதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை.

கேள்வி: பரணில் தாத்தாவின் பழைய கணக்குப் புத்தகங்களும் ஒரு கட்டு ஓலையும் இருக்கின்றன. பூச்சி அரித்திருக்கிறது. எப்படிக் காப்பது? அதில் உள்ள குறிகளும் புரியவில்லை.
– வாசகர், தேவகோட்டை

லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இந்த இரண்டால்தான் பல பழந்தாள்கள் அழிந்தன. நிழலில் விரித்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில், தரையைத் தொடாமல் வையுங்கள். ஓலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். எலுமிச்சைப்புல் எண்ணெய்தான் தடவுவார்கள், அதுவும் பழக்கமுள்ளவர் கையால்.

பிரிப்பதற்கு முன்பே அட்டை, முதுகு, ஒவ்வொரு பக்கம் என்று வரிசை மாறாமல் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். குறிகளில் ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். பின்னங்களில் மாகாணி என்பது 1/16, முந்திரி 1/320. வருடத்தை 60 ஆண்டுச் சுழற்சிப் பெயரால்தான் எழுதியிருப்பார்கள். பிரமோதூத என்றிருந்தால் அது 1870ஆகவும் இருக்கலாம், 1930ஆகவும் இருக்கலாம். உள்ளே வரும் ஆட்களின் பெயர், ஊர், நாணயம் ஆகியவற்றை வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ரங்கூன், மோல்மேன் பெயர்கள் நிறைய வந்தால் பெரும்பாலும் பிந்தியது.

வீட்டில் வைத்துக் காக்க முடியாது என்று தோன்றினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டையூரில் ஒருவர் தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அப்படிப்பட்ட இடங்களுக்கு எழுதுங்கள். எழுதும்போது எத்தனை புத்தகம், எந்த ஆண்டு, எந்த ஊர்க் கடை, என்ன நிலை என்று ஒரு பட்டியலும் நாலைந்து பக்கங்களின் படமும் சேர்த்து அனுப்புங்கள். கொடுக்கும் முன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டு, சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.